மலைக்கும் கண்ணுக்கும் நடுவே

1995 மார்ச் மாதம் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 5,401,504 என்ற எண்ணுள்ள காப்புரிமை ஒன்றை மிஸிஸிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு வழங்கியது. மஞ்சள்தூளைப் புண்ணில் போட்டாலும் உள்ளுக்குக் கொடுத்தாலும் புண் ஆறும். அதுதான் கண்டுபிடிப்பு. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர் காலில் கல் இடித்துக்கொண்டால் முதலில் எதைத் தேடுவாரோ, அது கடல் கடந்து போய்ப் புதுமையாகிவிட்டது. சேதி இங்கே பரவியபோது கொங்குப் பக்கத்துப் பெரியவர் எவரும் கேட்டிருக்கக்கூடியது இதுதான்: "தெரிஞ்ச சங்கதிதானுங்களே, இதுக்கெதுக்குங்க காயிதம்?"

காகிதம்தான் வேண்டியிருந்தது. 1996இல் இந்தியாவின் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். அந்தக் காப்புரிமையை மறுஆய்வு செய்யச் சொல்லி மனுக் கொடுத்தபோது, சாட்சிக்கு ஒரு பாட்டியைக்கூட அழைத்துப் போகவில்லை. போயிருந்தாலும் பயனில்லை. வெளிநாட்டில் மக்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது என்பதை அன்றைய அமெரிக்கச் சட்டம் கணக்கில் சேர்க்காது. அந்தப் பழக்கத்தைப் பற்றி அங்கே யாராவது அச்சில் எழுதியிருந்தால் சேர்க்கும். ஆகவே சமஸ்கிருதம், உருது, இந்தி என்று தேடி 32 ஆவணங்களைத் திரட்டினார்கள். அவற்றில் சில, நூறாண்டுக்கு மேல் பழையவை. இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் 1953இல் வந்த கட்டுரை ஒன்றும் அதில் இருந்தது. 1997 ஆகஸ்டில் காப்புரிமைக் கோரிக்கைகள் தள்ளுபடியாயின. கோடிக்கணக்கான அடுப்படிகளில் தினமும் நடந்துகொண்டிருந்த ஒன்று, அச்சேறியிருந்ததால் பிழைத்தது. எங்கும் செய்யப்படும் செயலுக்கும் அமெரிக்கச் சட்டத்தில் மதிப்பு வந்தது 2013 மார்ச்சுக்குப் பிறகுதான்.

இந்த அனுபவத்தின் சூட்டில்தான் 2001இல் மரபறிவு மின்னூலகம் தொடங்கியது. ஆயுர்வேத, யுனானி, சித்த நூல்களிலிருந்து மருந்துக் குறிப்புகளை எடுத்து ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் எழுதி வைத்து, அந்தந்த நாட்டுக் காப்புரிமை அதிகாரிகள் பார்க்கக் கொடுக்கும் ஏற்பாடு. தமிழ்ச் சித்த நூலில் இருப்பது மியூனிக் நகர அலுவலகத்துக்கு ஜெர்மனில் தெரியவந்தால்தான் 'எல்லாருக்கும் தெரிந்தது' ஆகும். சிரிக்கலாம். ஆனால் அந்த ஏற்பாடு வேலை செய்கிறது.

காப்புரிமைச் சட்டத்தில் அடிக்கடி வரும் ஆங்கிலச் சொல் 'ஆப்வியஸ்'. ஒரு பொருள் புதிதாக இருந்தால் மட்டும் போதாது, அந்தத் தொழிலில் கை பழகிய ஒருவருக்கு அது 'ஆப்வியஸ்' ஆகவும் இருக்கக்கூடாது. இந்தியாவின் 1970ஆம் ஆண்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. சொல்லின் லத்தீன் வேரைப் பார்த்தால், வழியில் எதிர்ப்படுவது என்று பொருள். நடந்து போகிறவன் முன்னால் வந்து நிற்பது. விலகிப் போக முடியாதது. நல்ல படிமம்தான். ஆனால் எதிர்ப்படுவதென்றால் யார் நடந்து போகும் வழியில்? ஈரோட்டு வழியில் எதிர்ப்பட்ட மஞ்சள் மிஸிஸிப்பி வழியில் எதிர்ப்படவில்லை. வழக்கு முழுதும் இந்த ஒரு கேள்விக்குள் அடக்கம்.

தெளிவாகத் தெரிவதைச் சொல்ல ஆங்கிலத்தில் மூட்டை மூட்டையாகத் தொடர்கள் உண்டு. 'பைக்ஸ்டாஃப் போல வெளிப்படை' என்பார்கள். பதினாறாம் நூற்றாண்டில் அது 'பேக்ஸ்டாஃப்' ஆக இருந்தது. ஊர் ஊராகப் பொதி சுமந்து விற்கிறவன் தோளிலிருந்து இறக்கி முட்டுக்கொடுக்கும் கோல் அது. கைபட்டுக் கைபட்டு வழவழத்துப்போன, பூவேலை எதுவும் இல்லாத கட்டை. பொதிக்காரர்கள் ஒழிந்தார்கள், கோலும் ஒழிந்தது. வழக்கு மட்டும் பக்கத்தில் கிடைத்த ஈட்டிக் கழிக்கு மாறிக்கொண்டது. இன்று ஆங்கிலம் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டையும் பார்த்ததில்லை. வெளிப்படையைக் குறிக்கும் உவமையே கண்ணுக்குத் தெரியாமல் போனது ஆங்கிலத்தின் வேடிக்கைகளில் ஒன்று.

'உன் முகத்தில் இருக்கும் மூக்கைப் போலத் தெளிவு' என்பது இன்னொன்று. இதை யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வரும். மூக்கு ஊருக்கெல்லாம் தெரியும், சொந்தக்காரனுக்குத்தான் சரியாகத் தெரியாது. அவன் கண்ணாடியைத் தேட வேண்டும். தமிழ் இந்த இடத்தில் உஷாராக இருக்கிறது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று கேட்கும்போது புண் இருப்பது கையில். பார்க்கிறவனும் புண்பட்டவனும் ஒரே ஆள். வலியும் கூட இருக்கிறது. ஆங்கிலத்தின் மூக்கு அடுத்தவன் சொல்லித் தெரிவது, தமிழின் புண் தனக்கே தெரிவது.

கை என்றதும் ரோமச் சட்டம் நினைவுக்கு வருகிறது. 'மேனிஃபெஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான லத்தீன் சொல்லின் முதல் பாதி கையைக் குறிப்பது. ரோமச் சட்டத்தில் திருட்டு இரண்டு வகை. பிடிபடாமல் போய்ப் பின்னால் நிரூபிக்கப்பட்ட திருட்டுக்குப் பொருளின் மதிப்பைப்போல் இரு மடங்கு தண்டம். அந்த இடத்திலேயே பிடிபட்ட 'மேனிஃபெஸ்ட்' திருட்டுக்கு நான்கு மடங்கு. கையும் களவுமாகப் பிடித்தார்கள் என்று தமிழில் சொல்வதும் அதேதான். இரு மொழியும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. தேர்தல் சமயத்துக் கட்சிகளின் 'மேனிஃபெஸ்டோ'வும் இந்த வேரில் முளைத்ததுதான் என்பதைச் சொல்லி, அதற்கு எத்தனை மடங்கு தண்டம் என்பதை வாசகர்களுக்கு விட்டுவிடலாம்.

ஆனால் தமிழ் வழக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா. அம்பலத்துக்கு வந்துவிட்டது. சந்தி சிரிக்கிறது. பச்சைப் பொய், பகற்கொள்ளை. இவற்றில் தெரியும் பொருளைவிட அதை மறைக்கப் பார்க்கும் ஆள்தான் பெரிதாக நிற்கிறான். ஒரு விஷயம் தெளிவாக இருக்கிறது என்று சும்மா சொல்வதற்குத் தமிழனுக்குப் பொறுமை இல்லைபோலும். தெளிவாக இருப்பதை ஒருவன் இல்லையென்கிறான் என்றால்தான் வாய் திறக்கிறான். ஆங்கிலத்திலும் இந்த ஏச்சு உண்டு; 'பட்டப்பகல் கொள்ளை' அங்கேயும் இருக்கிறது. டேனிஷ் மொழியில் ஆண்டர்சன் 1837இல் எழுதிய ராஜாவின் புது உடை கதை ஆங்கிலத்தில் வழக்காகவே ஆகிவிட்டது. என்றாலும் அந்தக் கதையில் உண்மையைச் சொல்ல ஒரு குழந்தை வேண்டியிருக்கிறது. பூசணிக்காய்ப் பந்தியில் குழந்தை வேண்டாம். இலையில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் தெரியும், பரிமாறுகிறவனுக்கும் தெரியும். யார் முதலில் சொல்வது என்பதுதான் சிக்கல்.

ஏச்சில்லாமல் பெருமிதமாகச் சொல்லும் வழக்குகளும் இல்லாமலில்லை. உள்ளங்கை நெல்லிக்கனி அப்படி. வெள்ளிடைமலை இன்னும் அப்படி.

வெள்ளிடை என்றால் இடையில் எதுவும் இல்லாத வெட்டவெளி. அதன் நடுவே நிற்கும் மலை. இந்தச் சொல் எந்த ஊரில் பிறந்ததென்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் படம் வரைய வேண்டுமானால் கொங்கு நாட்டுக்குத்தான் வரவேண்டும். மேற்கே வெள்ளியங்கிரி, வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை என்று ஓரத்தில் மலைகள் சுவராக நிற்க, நடுவில் மேட்டுநிலம் விரிந்து கிடக்கிறது. காங்கேயம் பக்கத்தில் மரமும் குறைவு, மழையும் குறைவு. கொழுக்கட்டைப் புல்லும் கிளுவை வேலியும்தான். அந்த வெளியில் சென்னிமலை, சிவன்மலை, ஊதியூர் மலை எல்லாம் ஒவ்வொன்றும் தனித்தனியே எழும்பி நிற்கின்றன. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் தெரியும். வழிகேட்கிறவரிடம், "அதா, அந்த மலையப் பாத்துட்டே போங்க" என்று சொன்னால் போதும்.

மலை பெரிதாக இருப்பதால் மட்டும் தெரிந்துவிடுவதில்லை என்பதை அந்தச் சொல் தன் முதல் பாதியிலேயே வைத்திருக்கிறது. மலைக்கு முன்னால் வெள்ளிடை வேண்டும். மருதமலை கோயம்புத்தூருக்குக் கூப்பிடு தூரம். ஆனால் நகரின் நடுவே காந்திபுரத்தில் நின்றால் மலைக்கும் கண்ணுக்கும் நடுவே மேம்பாலமும் துணிக்கடையும் வந்துவிட்டன. மலை அங்கேயேதான் இருக்கிறது. குறைந்தது வெளிதான்.

சிவன்மலை முருகன் கோயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று பெயர். பக்தர் ஒருவர் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். கோயிலில் பூப்போட்டுப் பார்த்து உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் பெட்டிக்குள் வைக்கப்படும். அடுத்த பொருள் வரும்வரை அது அங்கே இருக்கும். மண், தண்ணீர், மஞ்சள், துப்பாக்கி என்று எதுவும் வரலாம். போகிறவர் வருகிறவர் எல்லார் கண்ணுக்கும் பொருள் பளிச்சென்று தெரியும். பொருளின் பொருள்தான் தெரியாது. பின்னால் ஏதாவது நடந்த பிறகு, அட இதற்குத்தான் வைத்திருக்கிறார் என்று எல்லாருக்கும் விளங்கிவிடும். தண்ணீர் வைத்த பிறகுதான் சுனாமி வந்தது என்று இன்றும் பேச்சு உண்டு. நம்பிக்கையை இங்கே எடைபோட வேண்டியதில்லை. நடந்து முடிந்த பின் எல்லாமே தெளிவாகத் தோன்றும் மனித வழக்கத்தைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டும் இடம் இதைவிடப் பொருத்தமாக வேறெங்கும் இருக்காது.

காப்புரிமை அதிகாரிகளுக்கு இந்தப் பெட்டிதான் தலைவலி. நல்ல கண்டுபிடிப்பு எதுவுமே, பார்த்த மறுநிமிடம், இதிலென்ன கம்பசூத்திரம் என்று கேட்க வைக்கும். கோயம்புத்தூரின் மாவரைக்கும் கிரைண்டரை எடுத்துக்கொள்ளலாம். 1955இல் பி. சபாபதி என்பவர் உருவாக்கியதாக ஊர் நினைவில் வைத்திருக்கும் இயந்திரம். பின்னாளில் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்றே புவிசார் குறியீடும் வாங்கியது. ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவியைச் சுற்ற வேண்டும். கிரைண்டரில் அது தலைகீழ்: கல் சுற்றும், குழவி பிடித்த இடத்தில் நிற்கும். சொல்லிவிட்டால் இவ்வளவுதான். மோட்டாரைக் குழவியில் மாட்டிப் படாதபாடு படுவதைவிடக் கல்லைச் சுற்றுவது எளிது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், கிரைண்டரைப் பார்த்த பிறகு. அதற்கு முன் எத்தனையோ தலைமுறை கை வலிக்கக் குழவியைத்தான் சுற்றியது.

பின்னறிவைக் கொண்டு பார்த்து 'இது ஆப்வியஸ்' என்று சொல்லிவிடாதே என்று காப்புரிமைச் சட்டம் திரும்பத் திரும்ப எச்சரிப்பது இதனால்தான். மறுபக்கமும் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் கே.எஸ்.ஆர். வழக்கில், காரின் ஆக்சிலரேட்டர் பெடலோடு மின்னணு உணரியைச் சேர்த்த காப்புரிமை ஒன்றைச் செல்லாதென்றது. தொழில் தெரிந்த ஆள் இயந்திரப் பொம்மையல்ல, இருக்கிற இரண்டைச் சேர்த்துப் பார்க்கும் சாமர்த்தியம் சாதாரணமாகவே அவனுக்கு இருக்கும் என்பது அதன் சாரம். கோயம்புத்தூரில் கணபதியிலோ பீளமேட்டிலோ லேத் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இதைத் தீர்ப்பெழுதிச் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பம்பு ஒன்றைப் பிரித்துப் பார்த்து, மறுவாரம் உள்ளூர்க் கிணற்றுக்குத் தக்கபடி வேறொன்றைச் செய்து வைக்கும் ஆட்களால் வளர்ந்த ஊர் அது. சட்டப் புத்தகம் கற்பனை செய்யும் 'தொழிலில் கை பழகிய நபர்' அங்கே டீக்கடையில் நிற்கிறார்.

இன்னொரு வேடிக்கை. 'பேடண்ட்' என்ற சொல்லுக்கே ஆங்கிலத்தில் திறந்திருப்பது, வெளிப்படையானது என்று பொருள். பழைய இங்கிலாந்து மன்னர்கள் மடித்து முத்திரையிடாமல், யாரும் படிக்கும்படி திறந்தே விட்ட உரிமைக் கடிதங்களிலிருந்து வந்தது. 'பேடண்ட் பொய்' என்றால் அப்பட்டமான பொய். வெளிப்படை என்று பெயர் வைத்துக்கொண்டு, வெளிப்படையாக இருப்பதற்கு மட்டும் கிடைக்காத உரிமை அது.

நீதிமன்றங்களுக்கு வெளிப்படையோடு தனிக் கணக்கு இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலும், 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும், சில செய்திகளை யாரும் நிரூபிக்க வேண்டாம், நீதிமன்றம் தானே அறிந்ததாகக் கொள்ளும் என்று இருக்கிறது. காலப் பிரிவுகள், பூமியின் நிலப் பிரிவுகள், பொது விடுமுறைகள், சாலையில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற விதி. பட்டியலைப் படித்தால் நீதிபதி ஒருவர் காலையில் வீட்டிலிருந்து நீதிமன்றம் வந்து சேர என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதெல்லாம் இருக்கிறது. ஓர் ஆறு சிவப்பாக ஓடுகிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூர்க் குளங்களை நிரப்பி, திருப்பூர் வழியாகப் போய்க் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. திருப்பூரில் பனியன் தொழில் பெருகி ஏற்றுமதி உச்சத்துக்குப் போன ஆண்டுகளில் சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் இறங்கியது. வெளிநாட்டில் இந்தப் பருவத்துக்கு எந்த நிறம் ஓடுகிறதென்று ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று கேலி பேசுவார்கள். பாசனத்துக்கென்று 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயத் தண்ணீர்த் தேக்கமாகிவிட்டது. கரையில் இருக்கிற எவருக்கும் இது வெள்ளிடைமலை.

கதை இத்தோடு நின்றிருந்தால் முழுப் பூசணிக்காய் வழக்கு ஒன்றே போதும். ஆனால் நொய்யலில் உள்ளே இன்னொரு கதை இருந்தது.

பருத்தித் துணிக்கு ஏற்றும் சாயம் நூலில் ஒட்ட உப்பு வேண்டும். நூலும் சாயமும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று விலக்கும் தன்மை கொண்டவை. உப்புச் சேர்த்தால்தான் சாயம் நூலை நெருங்கும். வேலை முடிந்ததும் அவ்வளவு உப்பும் கழிவுநீரிலேயே நின்றுவிடும். ஆற்று நிறத்தைப் பார்த்து எதிர்ப்பு எழுந்தபோது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டுச் சாயத்தைப் படிய வைத்தார்கள். நிறம் அடியில் தங்கியது, மேலே தெளிந்த தண்ணீர் வந்தது. உப்பு குறையவில்லை, போட்ட மருந்தால் கொஞ்சம் கூடவும் செய்தது. அனுமதித்த அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் கரைந்த உப்பு. கண்ணுக்குத் தெளிவாக இருந்த தண்ணீர் அந்தக் கணக்கில் தேறவில்லை.

தமிழில் தெளிவு என்பது தண்ணீரிலிருந்து வந்த புழக்கம். கலங்கியது தெளியும், வண்டல் அடியில் படியும், மேலே உள்ளது தெளிவு. பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றித் தெளிய வைத்த காலம் வெகு தொலைவில் இல்லை. ஆங்கிலத்தின் 'கிளியர்' லத்தீனில் ஒளிக்கும் ஒலிக்கும் உரிய சொல். பிரகாசமானது, கணீரென்று கேட்பது. தமிழன் தெளிவு என்னும்போது அடியில் ஏதோ படிந்திருக்கிறது என்ற எண்ணமும் கூடவே வருகிறது. திருப்பூரில் அந்த எண்ணம் போதவில்லை, ஏனென்றால் உப்பு படியவே இல்லை.

இந்த இடத்தில் கொங்குக்காரர்களின் புழக்கம் உதவுகிறது. கோயம்புத்தூர் வீதிகளில் தண்ணீர் இரண்டே வகை: நல்ல தண்ணி, சப்பத் தண்ணி. "நல்ல தண்ணி வந்துருச்சுங்களா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால் சிறுவாணிக் குழாயைக் கேட்கிறார்கள். போர்வெல்லில் பளிங்காட்டம் ஊறுவது சப்பத் தண்ணி. பார்வைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. பிரித்தது நாக்கு, பருப்பு வேகாத சட்டி, குடிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்ட மாடு. நொய்யல் கரையில் தென்னை சோர்ந்தபோது காரணம் சொல்ல விவசாயிக்கு ஆய்வகம் தேவைப்படவில்லை. நீதிமன்றத்துக்குச் சொல்லத்தான் தேவைப்பட்டது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்களின் பாதுகாப்புச் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது, கெடுத்தவர் செலவை ஏற்க வேண்டும் என்ற வழியில் சென்ற அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. 2009 அக்டோபரில் அங்கேயும் விவசாயிகள் பக்கமே முடிந்தது. பிறகும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரி 28இல் உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்டவை. அந்த அடியில் ஊரே ஆடிப்போனது. அதன் பிறகுதான் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் உப்பை மீட்டெடுப்பதும் பரவலாயின. அணை திறந்ததிலிருந்து கணக்கிட்டால் 19 ஆண்டுகள். கைப்புண்ணைக் காட்ட 19 ஆண்டுக் கண்ணாடி.

தாமதத்துக்கு நீதிமன்றத்தை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. பார்த்தவுடன் தெரிகிறது என்ற வாதத்தை அப்படியே ஏற்றிருந்தால், தண்ணீர் தெளிந்ததும் வழக்கு முடிந்திருக்கும். நிறம் போய்விட்டதே, இனி என்ன என்று எதிர்த்தரப்பு கேட்டிருக்கும். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற, யார் கண்ணுக்கும் புலப்படாத எண்தான் விவசாயியின் நாக்குக்குத் துணை நின்றது.

கடைசியாக யானை. எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் பேசாத விஷயத்தை ஆங்கிலத்தில் 'அறைக்குள் இருக்கும் யானை' என்பார்கள். தமிழ்க் கட்டுரைகளிலும் இப்போது அது மொழிபெயர்ந்து உலவுகிறது. ரஷ்ய எழுத்தாளர் கிரிலோவ் 1814இல் எழுதிய நீதிக்கதை ஒன்றில், அருங்காட்சியகத்துக்குப் போனவன் பூச்சி, ஈ, வண்டு என்று நுணுக்கி நுணுக்கிப் பார்த்துவிட்டு வந்து யானையைக் கவனிக்கவில்லை என்பான். யானை என்றால் தவறவிடவே முடியாதது என்று இந்த வழக்குகளைக் கட்டியவர்கள் நினைத்திருக்கிறார்கள். யானை இல்லாத ஊர்க்காரர்கள்.

கோயம்புத்தூரை ஒட்டிய தடாகம் பள்ளத்தாக்கிலும் மருதமலை அடிவாரத்திலும் யானை நிஜமாகவே அறைக்குள் வருகிறது. அரிசி வாசனை பிடித்து அடுப்படிச் சுவரை உடைக்கிறது. அங்கே யாரும் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை. அதே தடாகத்தில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண்ணைப் பனைமர ஆழத்துக்குத் தோண்டியது பல ஆண்டுகள் எல்லார் கண்முன்னும் நடந்தது. 2021இல் நூற்றுக்கு மேற்பட்ட சூளைகள் மூடப்படும் வரை அதைப் பற்றித்தான் வெளியே பேச்சு குறைவு. ஆங்கில வழக்கின்படி பார்த்தால் அந்த ஊரில் யானை யானையல்ல, குழிதான் யானை.

வால்பாறையில் நிலைமை வேறு. ஆனைமலை மேல் 220 சதுர கிலோமீட்டர் அளவுக்குத் தேயிலையும் காப்பியும், சுற்றிலும் காடு, நடுவில் சிதறிய சோலைத் துண்டுகள். ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்கு யானைகள் தோட்டம் வழியாகத்தான் கடக்க வேண்டும். சாயங்காலம் கடைசிப் பேருந்திலிருந்து இறங்கி லைன் வீட்டுக்கு நடக்கும் தொழிலாளிக்கு, மங்கிய வெளிச்சத்தில், தேயிலைச் சரிவின் வளைவில் நிற்கும் யானை தெரியாது. பனி இறங்கிவிட்டால் பத்தடியிலும் தெரியாது. நிலத்தில் வாழும் உயிர்களிலேயே பெரியது, சத்தமில்லாமல் நிற்கும். 2000களின் தொடக்கத்திலிருந்து அங்கே ஆய்வு செய்துவரும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் உயிரிழப்புகளை ஒவ்வொன்றாக விசாரித்தபோது, பெரும்பாலானவை அருகில் யானை நிற்பது தெரியாமலே நேர்ந்தவை என்று கண்டார்கள்.

அதற்கு அவர்கள் செய்த ஏற்பாடு எளிது. மாலையில் யானைகள் எங்கே நிற்கின்றன என்பதை உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் ஓடும் வரியாகப் போட்டார்கள். அந்தப் பகுதி மக்களின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். தூரத்திலிருந்தும் தெரியும்படி மேடான இடங்களில் கம்பம் நட்டுச் சிவப்பு விளக்குகள் வைத்தார்கள். குன்றின் மேல் இட்ட விளக்கு என்று தமிழில் சொல்வது அங்கே சொல்லுக்குச் சொல் நடந்திருக்கிறது. விளக்கைப் போடுவது அதிகாரி இல்லை. யானையைப் பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவர் கைபேசியில் கூப்பிட்டால் விளக்கு மினுக்கும்; அது மினுக்கினால் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் யானை இருக்கிறது. யானை எந்தப் பக்கம், ஒற்றையா கூட்டமா, குட்டி உண்டா என்பதெல்லாம் விளக்கில் இல்லை. அதற்குப் பேருந்தில் கூட வருகிறவர்களைத்தான் கேட்க வேண்டும், அல்லது ஓட்டுநரை. அவர் கீழே இறங்கும்போதே ஒரு தடவை பார்த்திருப்பார்.